பிறர் கையால் ஓடும் இணையம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பழைய தோட்டப்புறங்களில் பார்வை இழந்த ஒருவர் அரசு உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பதிலாக ஓர் உறவுப் பெயர்தான் வரும்: மகள், பேரன், மருமகள், பக்கத்து வீட்டுப் பையன். அவர்களும் இல்லாவிட்டால் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர், அல்லது நகல் எடுக்கும் கடைக்காரர். அடையாள அட்டையும் கைத்தொலைபேசியும் அவர் கைக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் "ஆச்சு தாத்தா" என்ற சொல்லோடு திரும்பி வரும்.

உடற்பேறு குறைந்தோருக்கு இணையத்தைத் திறந்துவிடுவது பற்றிப் பேசும்போது நாம் மென்பொருளையும் சட்டத்தையும் இணைய மையங்களையும் பேசுகிறோம். நடைமுறையில் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் ஈப்போவின் புந்தோங்கிலும் அந்த வேலையைச் செய்வது இன்னொருவரின் விரல்தான். இந்தப் "பிறர் கை" முறையைப் பாசம் என்று மெச்சிவிட்டுப் போவதும் எளிது, பின்தங்கிய நிலை என்று ஒதுக்குவதும் எளிது. அது எதைச் சாதிக்கிறது, எதை மறைக்கிறது என்று எடைபோடுவதே தேவை.

யாருடைய கதை இது?

மலேசியாவின் ரப்பர் வரலாற்றில் பேராக்குக்குத் தனி இடம் உண்டு. 1877-இல் நட்ட முதல் கன்றுகளில் சில கோலகங்சார் மண்ணில்தான் வேர்விட்டன. 1950-களிலும் 60-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களையே தோட்டம் வாங்க வைத்தார். அந்த முயற்சியையும் தாண்டி, பால்மரங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டன. லயங்களில் ஒன்றாக வாழ்ந்தவர்கள் மலிவுவிலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள்.

அந்தத் தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது, நோயும் சேர்ந்துவிட்டது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீரிழிவு விழித்திரையைத் தின்னும், காலை வாங்கும், பக்கவாதத்துக்கு வழி வகுக்கும். ஆகவே நம் சமூகத்தில் ஊனம் பலருக்குப் பிறவியில் வருவதில்லை, ஐம்பது அறுபது வயதில் வருகிறது. அந்த வயதில் பார்வை போனவர் பிரெய்ல் கற்றவரல்லர். கணினியைத் தொட்டிராதவராகவும் இருக்கலாம். "நான் ஓகேயு இல்லை, சர்க்கரையால கண்ணு மங்கிப்போச்சு, அவ்வளவுதான்" என்று சொல்பவர் உடற்பேறு குறைந்தோருக்கான ஓகேயு அட்டைக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை. அதே ஆய்வு வயதுவந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குச் செயல்பாட்டுக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. சமூக நலத்துறையில் பதிந்தவர்களோ மக்கள்தொகையில் சுமார் இரண்டு விழுக்காடு. திட்டங்கள் இந்த இரண்டு விழுக்காட்டைப் பார்த்து வகுக்கப்படுகின்றன. மற்றவர்களைப் பேரன் பார்த்துக்கொள்கிறான்.

அந்தக் கை செய்யும் நன்மை

பேரனைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். எந்த மென்பொருளும் செய்யாத மூன்று வேலைகளை அவன் செய்கிறான். மலாயில் இருக்கும் படிவத்தைத் தமிழில் விளக்குகிறான். எந்த உதவிக்கு எந்தத் துறை என்று கண்டுபிடிக்கிறான். படிவம் பாதியில் நின்றுபோனால் மறுநாளும் முயல்கிறான். இதற்குக் கட்டணம் இல்லை, பயிற்சி வகுப்பு இல்லை, காத்திருப்புப் பட்டியல் இல்லை.

இதற்கு வேரும் உண்டு. ஊரிலிருந்து வந்த கடிதத்தைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமோ கிராணியிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்ட சமூகம் இது. எழுத்தறியாமை அன்று வெட்கமாக இல்லை. எழுத்தறிந்தவரின் கை ஊருக்குப் பொதுவாக இருந்தது. இன்றைய திறன்பேசி உதவி அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

அந்தக் கை எடுத்துக்கொள்வது

ஆனால் கடிதத்தில் இல்லாத ஒன்று இணையத்தில் இருக்கிறது: கடவுச்சொல். கடிதம் படித்தவருக்குக் குடும்பச் செய்திதான் தெரிந்தது. வங்கிச் செயலியை இயக்குபவர் கையில் கணக்கே இருக்கிறது.

2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, மோசடிகளைத் தடுக்க, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைகளுக்கு மாறுமாறு வங்கிகளுக்குச் சொன்னது. ஒப்புதல் தருவது ஒரே ஒரு கருவியில் இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. மோசடியைப் பார்த்தால் நியாயமான முடிவு. கண் தெரியாத அப்பாவின் பக்கமிருந்து பார்த்தால் விளைவு வேறு. செயலி மகனின் திறன்பேசியில் நிறுவப்பட்டால், அப்பாவின் பணத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரமும் மகனின் சட்டைப்பைக்குள் போய்விடுகிறது. மகன் நல்லவனாகவே இருக்கட்டும். அவன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன நாளில் அப்பாவின் கணக்கும் கூடவே போகிறது. மகன் நல்லவனில்லை என்றால், திருட்டை நிரூபிக்கவும் வழியில்லை. எல்லாம் அப்பாவின் ஒப்புதலோடு நடந்ததாகவே பதிவு சொல்லும்.

இரண்டாவது இழப்பு அந்தரங்கம். மனநலச் சிகிச்சை பற்றியோ, பிள்ளைகளுக்குள் சொத்துத் தகராறு பற்றியோ, அதே பேரன் மீதான புகார் பற்றியோ தேட வேண்டுமானால் பேரன் கையால் தேட முடியாது. எதையும் ஒளிக்காமல் தேட வேண்டியிருப்பவர் பல விஷயங்களைத் தேடாமலேயே விட்டுவிடுவார்.

மூன்றாவதுதான் மிகப் பெரியது. இந்த முறை, தவறாகக் கட்டிய தளங்களை வெற்றிபெற்ற தளங்களாகக் காட்டுகிறது. 2024 ஜனவரி 2-இல் தொடங்கி மார்ச் 31-இல் பதிவை முடித்த, பாடு என்ற அரசின் மக்கள் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் பதிய அடையாள அட்டையைப் படமெடுக்க வேண்டும், சொந்த முகத்தையும் படமெடுக்க வேண்டும். பார்வையற்றவர் சட்டகத்துக்குள் தம் முகம் இருக்கிறதா என்று எப்படி அறிவார்? யாரோ பிடித்துக் காட்டினார்கள், பதிவு முடிந்தது. அரசின் கணக்கில் அது ஒரு பயனர். அங்கே ஒரு தடை இருந்தது என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இலவசமாகக் கிடைக்கும் உதவி, வடிவமைத்தவருக்குக் குறையே தெரியாமல் செய்துவிடுகிறது.

அரசு தரும் மாற்றுகள்

முதலாவது, இணைய மையங்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டைச் செலுத்தும் பொதுச் சேவை நிதியிலிருந்து, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் இவற்றை நடத்துகிறது. இண்டர்நெட் மையம், பெடி, இப்போது நாடி என்று பெயர் மாறிக்கொண்டே வந்தாலும் கருத்து நல்லது: சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்றாவது வேண்டும் என்பது இலக்கு. பேராக்கில் 59 தொகுதிகள். சம்பளம் வாங்கும் ஊழியர், வேகமான இணைப்பு, பயிற்சி எல்லாம் அங்கே உண்டு. ஆனால் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மையம் எட்டாத தூரம். பேருந்து இல்லாத சாலையில் மீண்டும் பேரனின் மோட்டார்சைக்கிள்தான் வேண்டும். அங்கே போனாலும் ஊழியர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், கை மாறியிருக்கிறதே தவிர முறை மாறவில்லை.

இரண்டாவது, அரசு இணையத்தளங்களின் மூலையில் இருக்கும் சக்கர நாற்காலிச் சின்னம். தொட்டால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும். பார்வை மங்கியவருக்கு ஓரளவு பயன் உண்டு, மறுக்க வேண்டாம். ஆனால் முற்றிலும் பார்வையற்றவர் தம் சொந்தத் திரை வாசிப்பானோடுதான் வருகிறார். ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற இருவர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ இலவசம். ஆண்ட்ராய்டில் டாக்பேக் இருக்கிறது. அவருக்கு வேண்டியது பெரிய எழுத்து அல்ல: பெயர் குறிக்கப்பட்ட படிவக் கட்டங்கள், விளக்கம் சேர்த்த படங்கள், வெறும் படமாக இல்லாமல் எழுத்தாகவே இருக்கும் பிடிஎப் கோப்புகள். சின்னம் இதில் எதையும் சரிசெய்யாது. ஒட்டுப்போடும் இத்தகைய மென்பொருள் எந்தத் தளத்தையும் தரத்துக்குக் கொண்டுவரும் என்று விளம்பரம் செய்ததற்காக, 2025 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம் அக்செஸிபி நிறுவனத்தைப் பத்து லட்சம் டாலர் செலுத்தச் சொன்னது. உலக அளவிலும் நிலைமை பெருமைப்படும்படி இல்லை: வெப்எய்ம் அமைப்பு 2024-இல் சோதித்த பத்து லட்சம் முகப்புப் பக்கங்களில் 95.9 விழுக்காட்டில் குறைகள் இருந்தன.

சட்டம் என்ன செய்கிறது? 2008-ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம் தகவலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் உரிமை தருகிறது. மீறினால் தண்டனை என்ன என்று அது சொல்லவில்லை. நல்லெண்ணத்தில் செய்ததற்கும் செய்யத் தவறியதற்கும் அரசின் மேல் வழக்குப் போட முடியாதபடி 41-ஆம் பிரிவு காக்கிறது. இந்தியாவில் 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம், கண் சிமிட்ட முடியாததால் வங்கிக் கணக்குத் திறக்க முடியாமல் போன அமில வீச்சில் தப்பிய பிரக்யா பிரசூனின் வழக்கில், இணைய அணுக்கம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு மட்டுமே தளத்தைத் திருத்திவிடாது. ஆனாலும் தடையைச் சந்தித்தவருக்குப் போய் முறையிட ஓர் இடம் இருந்தது. பேராக்கில் அந்த இடம் இல்லாததால்தான் எல்லாச் சுமையும் பேரன் தலையில் ஏறுகிறது.

நம் வீட்டுக் குறை

அரசை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்ததில் மலேசியத் தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1980-களிலேயே தொடங்கியது. அப்படிப்பட்ட சமூகம் இன்று கோவில் திருவிழாவையும் இரங்கல் செய்தியையும் மருத்துவ முகாமையும் வாட்ஸ்அப்பில் வெறும் படமாக அனுப்புகிறது. திரை வாசிப்பானுக்கு அது வெற்றுப் பலகை. ஒருங்குறியில் இல்லாத பழைய எழுத்துருவில் தட்டிய கோப்போ அதற்குப் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். குரல் பதிவு பார்வையற்றவருக்கு வரம். அதையே செவித்திறன் குறைந்தவரால் தொட முடியாது. படத்தின் கீழே நாலு வரி ஒருங்குறித் தமிழில் எழுதினால் இருவருக்கும் போய்ச் சேரும். இதற்குச் சட்டமும் நிதியும் வேண்டாம்.

முடிவாக

உதவும் கையை விலக்கிவிட்டு எல்லாரும் தனித்தே இயங்க வேண்டும் என்று சொல்வது இன்னொரு கொடுமை. அறிவுத்திறன் குறைந்தவருக்கும் பல குறைபாடுகள் சேர்ந்தவருக்கும் துணை என்பதே உரிமை. ஆகவே துணை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து அளக்கக் கூடாது. துணை இல்லாத நாளில் அந்த வேலை நடக்குமா? அவருடைய இரகசியம் அவரிடமே இருக்குமா? வேண்டாம் என்று தோன்றினால் அவரே அதை நிறுத்த முடியுமா? இந்த மூன்றுக்கும் "ஆம்" என்றால் பேரன் உதவியாளன். "இல்லை" என்றால் அவனையும் அறியாமல் அவன் காவல்காரன்.

இந்த அளவுகோலை வைத்தால் செய்ய வேண்டியதும் தெளிவாகிறது. இணைய மையத்தின் ஊழியர் நிரப்பித் தந்த படிவங்களை எண்ணுவதோடு, டாக்பேக்கைத் தமிழ்க் குரலில் தாமே இயக்கக் கற்றவர்களையும் எண்ண வேண்டும். முகப் படத்துக்கு மாற்றாக முகப்பில் நேரில் சரிபார்க்கும் வழியைத் துறைகளும் வங்கிகளும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். புதிய செயலி வெளியாகும் முன் பார்வையற்றவரும் கை நடுங்குபவரும் அதைத் தனியே இயக்கிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் பிறர் கை தேவைப்பட்டதோ அந்த இடம் குறையாகப் பதிவாக வேண்டும். அந்தப் பதிவு தொடங்கும்வரை, குடும்பத்தின் அன்பை அரசு தன் வடிவமைப்புக் கூலியாகச் செலவழித்துக்கொண்டுதான் இருக்கும்.