வேடமும் வினையும்: லாம்டாமூ உரைவழி விளையாட்டுச் சமூகமும் செஞ்சிப் பகுதிப் பாரதக்கூத்தும்

ஆய்வுச் சுருக்கம்

இணையவழி உரைசார் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஆடுவோரின் நடத்தையையும் செல்வாக்கையும் விளக்குவதற்கு ரிச்சர்ட் பார்ட்டிலின் நால்வகைப் பகுப்பும், லாம்டாமூ பற்றிய ஜூலியன் டிப்பெல்லின் கட்டுரையும் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. வேடத்தில் நிகழும் வன்முறைக்குப் பொறுப்பேற்பவர் யார் என்னும் வினாவை இவ்விரண்டும் முழுமையாக எதிர்கொள்ளவில்லை என்பதையும், செஞ்சிப் பகுதிப் பாரதக்கூத்து அவ்வினாவுக்கு நெடுங்காலமாக ஒரு நடைமுறை விடையை வைத்திருப்பதையும், அவ்விடைக்கும் வரம்பு உண்டு என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு, லாம்டாமூ, பாரதக்கூத்து, துகிலுரிதல், கட்டியக்காரன், செல்வாக்கு

முன்னுரை

வேடம் புனைந்தவர் செய்வதெல்லாம் வேடத்தின் செயலே என்று கொண்டால், ஆட்டக்களத்தில் எவரும் எவருக்கும் பொறுப்பாளர் ஆகார். வேடத்தின் செயலெல்லாம் ஆடுநரின் செயலே என்று கொண்டால், ஆட்டமே நிகழாது. பலர் கூடிப் பாத்திரங்களை ஏற்று ஒரு சமூகமாக வாழ்ந்துகாட்டும் எந்தக் கலையும் இவ்விரு முனைகளுக்கு இடையில்தான் இயங்குகிறது. கணினித் திரையில் எழுத்தால் மட்டும் நிகழும் விளையாட்டுக்கும், செஞ்சியை அடுத்த அவலூர்பேட்டை, மேல்மலையனூர், மேலச்சேரி முதலிய ஊர்களை உள்ளடக்கிய நிலப்பகுதியில் வேரூன்றிய பாரதக்கூத்துக்கும் இச்சிக்கல் பொதுவானது. இரண்டையும் அருகருகே வைத்துக் காண்பதற்கு இப்பொதுமையே காரணமாகும்.

சொல்லால் ஆன ஊர்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய ‘மட்’ என்னும் விளையாட்டே பலர் ஒருங்கே பங்கேற்கும் உரைசார் உலகங்களுக்கு முன்னோடி. படமோ ஒலியோ இல்லாத அவ்வுலகில் அறை, கதவு, ஆள், செயல் எனும் அனைத்தும் சொற்றொடர்களே. அம்மரபில் 1990இல் பாவெல் கர்ட்டிஸ், செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லாம்டாமூவைத் தொடங்கினார். அங்கே வெல்ல வேண்டிய பகைவரும் இல்லை. ஈட்ட வேண்டிய புள்ளிகளும் இல்லை. பெரியதொரு மாளிகையும், அதனுள் தமக்கென அறைகளையும் பொருள்களையும் எழுதிச் சேர்த்துக்கொள்ளும் உரிமையும் மட்டுமே ஆடுவோர்க்கு அளிக்கப்பட்டன.

அவ்வுலகில் நுழைவோர் முதலில் தம் பாத்திரத்தின் தோற்றத்தைத் தாமே எழுதி வைக்கின்றனர். ஒரு செயலைத் தட்டச்சு செய்தால், பிறர் திரையில் அது படர்க்கைக் கூற்றாகத் தோன்றுகிறது. கூத்தில் திரைக்குப் பின் நிற்கும் வேடம், முன்வருவதற்கு முன் தன்னைப் படர்க்கையில் வருணித்துப் பாடும் முறையோடு இது ஒப்புநோக்கத்தக்கது. இரண்டிலும் ஆள் வருவதற்கு முன் சொல் வருகிறது.

பங்கிள் நிகழ்வு

லாம்டாமூவில் முழுத் தொழில்நுட்ப அதிகாரம் பெற்ற நிர்வாகிகள் ‘மந்திரவாதிகள்’ எனப்பட்டனர். சமூகப் பூசல்களில் இனித் தாங்கள் தலையிடப்போவதில்லை என்று 1992இன் இறுதியில் கர்ட்டிஸ் அறிவித்தார். சில திங்களுக்குள், 1993இல், மிஸ்டர் பங்கிள் என்னும் பாத்திரம் பலர் கூடியிருந்த வரவேற்பறையில் ‘சூனியப் பொம்மை’ என்னும் நிரலைப் பயன்படுத்தியது. பிறர் தட்டச்சு செய்யாத செயல்களை அவர்களே செய்வதாகத் திரையில் காட்டவல்ல அந்நிரலால், வேறு பாத்திரங்கள் மீது கொடிய பாலியல் வன்முறை வருணிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுள் லெக்பா என்னும் பாத்திரத்தை ஏற்றிருந்தவர், மறுநாள் தம் கண்டனத்தை எழுதும்போது மெய்யாகவே கண்ணீர் வடித்ததாக டிப்பெல் பதிவு செய்கிறார்.

சில நாள்களில் முப்பது பேரளவில் கூடி விவாதித்தனர். பங்கிளும் அங்கே தோன்றி, நடந்தது தன் மெய்வாழ்வில் எவ்வித விளைவும் இல்லாத நிகழ்ச்சித்தொடர் மட்டுமே என்னும் பொருள்பட விடையிறுத்தது. கூட்டம் எம்முடிவுக்கும் வரவில்லை. பின்னர் மந்திரவாதி ஒருவர் தாமே முடிவெடுத்து அப்பாத்திரத்தை நீக்கினார். அதன்பின் கர்ட்டிஸ் மனு, வாக்கெடுப்பு ஆகிய முறைகளைக் கொண்டுவந்தார். பங்கிள் என்னும் ஒரு பாத்திரத்தின் பின்னே நியூயார்க் பல்கலைக்கழக விடுதித் தளமொன்றின் மாணவர் பலர் இருந்தனர் என்பது பின்னர்த் தெரியவந்தது.

1993 டிசம்பரில் வெளிவந்த டிப்பெல்லின் கட்டுரை இந்நிகழ்வை ஒரு குடிமைச் சமூகத்தின் பிறப்பாக வாசிக்கிறது. அவ்வாசிப்பின் ஆற்றல் மறுக்க முடியாதது. ஆயினும், கட்டுரை தரும் செய்திகளே அம்முடிவைத் தளர்த்துகின்றன. கூட்டம் முடிவு செய்யவில்லை. அதிகாரம் கையில் இருந்த ஒருவர் முடிவு செய்தார். தண்டிக்கப்பட்ட ஆடுநர் வேறொரு பெயரில் மீண்டு வந்தார். 1996இல் நிர்வாகிகள், தொழில்நுட்ப முடிவையும் சமூக முடிவையும் பிரித்து வைப்பது இயலாது எனக் கூறி முந்தைய விலகலைத் திரும்பப் பெற்றனர். செல்வாக்கு எங்கிருந்து பிறந்தது என்பதற்கு இவையே சான்று. பேச்சுவன்மை கொண்டோர் கருத்தை உருவாக்கினர். பிறர் உரையை எழுதவும் அழிக்கவும் வல்லோர் முடிவை உருவாக்கினர்.

பார்ட்டிலின் நால்வகை: ஒரு மதிப்பீடு

பார்ட்டில் 1996இல் வெளியிட்ட கட்டுரை, ஆடுவோரைச் சாதிப்போர், தேடுவோர், பழகுவோர், தாக்குவோர் எனச் சீட்டுக்கட்டின் நான்கு இனங்களோடு பொருத்திப் பகுக்கிறது. ஒருவகையினர் மிகுந்தால் மற்றவகையினர் எவ்வாறு குறைவர் என்பதை விளக்குவதில் இப்பகுப்பு இன்றும் பயன்படுகிறது. ஆனால், இது ஆடுநர் எதை விரும்புகிறார் என்பதன் அடிப்படையில் அமைந்த பகுப்பு. எதற்குக் கடப்பாடு உடையவர் என்பதன் அடிப்படையில் அமைந்ததன்று. எனவே தாக்கப்பட்டவருக்கும் பார்த்து நின்றவருக்கும் இதில் தனி இடம் இல்லை. பங்கிளைத் ‘தாக்குவோர்’ என வகைப்படுத்துவது எளிது. அன்று வரவேற்பறையில் இருந்தோரின் நிலையை அவ்வகைப்பாடு விளக்காது.

பாதிக்கப்பட்டவரின் கண்ணீரைத் தமிழ் மரபு வியப்பாகக் கொள்ளாது. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைத் தனி இயலாகவே தொல்காப்பியம் வகுத்துள்ளது. சொல்லால் ஆன உலகில் சொல்லே செயல் ஆதலின், அச்செயலின் மெய்ப்பாடு ஆடுநரின் உடலில் தோன்றுவது இயல்பே.

துகிலைத் தொடும் கை

செஞ்சிப் பகுதியின் திரௌபதி வழிபாட்டை ஆல்ஃப் ஹில்டிபைட்டல் 1988இல் வெளியிட்ட நூல் விரிவாக ஆராய்கிறது. மேலச்சேரிக் கோயிலுக்கு அவ்வழிபாட்டு மரபில் உள்ள முதன்மையையும் அது எடுத்துக்காட்டுகிறது. கூத்தின் அரங்கியலை ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990இல் நூலாக்கினார். பாரத விழாவில் பகலில் வில்லிபாரதத்தை அடியொற்றிய பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழ்கின்றன. வில்வளைப்பு, சூது துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என இரவுகள் நீள்கின்றன. படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஊரே போர்க்களமாகிறது. மூலநூல் ஒன்றைச் சார்ந்து, பல நாள், ஊர் முழுதும் பங்கேற்கும் பாத்திரமேற்பு என்ற அளவில் இதுவும் ஓர் உரைசார் விளையாட்டுச் சமூகமே.

இங்கும் பலர் முன்னிலையில் ஒரு பெண் மீது வன்முறை நிகழ்கிறது. ஆனால் துச்சாதன வேடம் ஏற்றவர் துகிலைத் தொடுமுன் வேடத்தின் போக்கை நிறுத்துகிறார். கற்பூரம் ஏற்றி, அம்மனை வணங்கி, பிழைபொறுக்க வேண்டிய பின்னரே கை வைக்கிறார். அக்காட்சியில் ஆடுவோர்க்கோ பார்ப்போர்க்கோ அருள் வருவதும் உண்டு. இச்சடங்கின் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ‘இது வெறும் வேடம்’ என்று கூத்து சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் மன்னிப்புக்குத் தேவையில்லை. ‘இது ஆடுநரின் குற்றம்’ என்றும் அது சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அக்காட்சிக்கே இடமில்லை. வேடத்தின் வினை ஆடுநரைத் தொடும் என ஒப்புக்கொண்டு, அத்தொடுகைக்கு முன்கூட்டியே பொறுப்பேற்கிறது. லாம்டாமூ, வினை முடிந்தபின் சட்டம் தேடியது. கூத்து, வினைக்கு முன் பொறுப்பை அறிவிக்கிறது. வேறுபாடு இங்கேதான் உள்ளது.

சூனியப் பொம்மைக்கும் பின்பாட்டுக்கும் உள்ள வேறுபாடும் இதனையே உணர்த்தும். கூத்தில் ஒரு வேடத்தின் பாட்டைப் பின்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடுகின்றனர். ஒருவர் குரல் பலர் வாயில் ஒலிக்கிறது. ஆயினும் அது குரலுக்குத் துணைநிற்றல். பங்கிளின் நிரல் செய்தது குரலைப் பறித்தல். இசைவு இருந்ததா இல்லையா என்பதே இரண்டையும் பிரிக்கிறது.

கட்டியக்காரனும் மந்திரவாதியும்

கூத்தில் கதைக்கு உள்ளும் புறமும் ஒருங்கே நிற்பவன் கட்டியக்காரன். அரசனை அறிவிப்பவனும், அவனைக் கேள்வி கேட்பவனும், அவையோரின் மொழியில் எள்ளுபவனும் அவனே. அவனுடைய செல்வாக்கு பிற வேடங்களை நீக்கும் ஆற்றலில் இல்லை. பிற வேடங்கள் அவனுக்கு விடை சொல்லியாக வேண்டும் என்னும் மரபில் இருக்கிறது. லாம்டாமூவின் மந்திரவாதியோ நீக்கவல்லவர். ஆனால் களத்தில் வினவும் கடமை அவருக்கு வகுக்கப்படவில்லை. தலையிடாமை, முற்றாக நீக்குதல் என்னும் இரு வழிகளே எஞ்சியதற்கு இடைநிலைப் பாத்திரம் ஒன்று இல்லாமற்போனது ஒரு காரணம் எனக் கருதலாம்.

களத்துக்கு வெளியே நிற்போர்

இவ்வொப்பீட்டைக் கொண்டு கூத்துச் சமூகமே முழுமையானது என முடிவு செய்வது பிழையாகும். துச்சாதனனின் வேண்டுதல் செல்லுபடியாவதற்குக் காரணம், வேடமேற்றவரையும் ஜமாவையும் வாத்தியாரையும் ஊர் அறியும் என்பதே. வேறு பெயரில் மீண்டு வர அங்கு வழியில்லை. ஆனால் ‘ஊர்’ என்பது யார் யாரை உள்ளடக்கியது? தலைக்கட்டு வரி கொடுத்து விழாவுக்கு உரிமை பெறுவோர் பட்டியல் சாதியெல்லையோடு பிணைந்தே வந்துள்ளது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் பட்டியல் சாதியினர் வழிபட நுழைந்தமையால் எழுந்த பூசலில், அங்குள்ள திரௌபதி அம்மன் கோயில் 2023 ஜூனில் வருவாய்த் துறையினரால் பூட்டி முத்திரையிடப்பட்டது. அவையில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த இழிவை ஆண்டுதோறும் நினைந்து வழிபடும் மரபிலேயே, வாயிலில் நிற்போர்க்கு இழிவு நேர்கிறது.

லாம்டாமூ எவரையும் பெயர் கேளாமல் ஏற்றது. அதனால் பொறுப்பைப் பற்றிக்கொள்ள அதற்குப் பிடி கிடைக்கவில்லை. ஊர்க்கூத்து ஆளறிந்து ஏற்றது. அதனால் பொறுப்பு நிலைத்தது, விலக்கும் நிலைத்தது. ஒன்றின் குறை மற்றதன் நிறையாகத் தோன்றுவது இங்கு மேலோட்டமான காட்சியன்று. இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள்.

முடிவுரை

உரைசார் விளையாட்டுச் சமூகத்தில் செல்வாக்கு என்பது ஆடுநரின் இயல்பிலிருந்து மட்டும் பிறப்பதன்று. பிறர் சொல்லின் மீது யாருக்கு என்ன உரிமை உண்டு என்பதிலிருந்து பிறக்கிறது. பார்ட்டிலின் பகுப்பு இவ்வுரிமையைக் கணக்கில் கொள்ளவில்லை. டிப்பெல்லின் கட்டுரை அதனைக் காட்டியும், குடிமையின் பிறப்பு என்னும் முடிவால் மங்கச் செய்கிறது. செஞ்சிப் பகுதிக் கூத்து, வேடத்தின் வினைக்கு ஆடுநர் முன்னரே பொறுப்பேற்கும் முறையையும், அதிகாரத்தை வினவும் இடைநிலைப் பாத்திரத்தையும் அளிக்கிறது. இவற்றைக் கலைச்சொற்களாகக் கொண்டு இணையச் சமூகங்களை ஆராயத் தமிழாய்வுக்கு முழுத்தகுதி உண்டு. அவ்வாறு ஆராயும்போது களத்தில் நிகழ்வதோடு களத்தின் வாயிலையும் சேர்த்தே நோக்க வேண்டும். துகிலைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றும் சமூகம், வாயிலை அடைக்குமுன் அவ்வாறு நின்று எண்ணுவதில்லை.