பலாமுள்ளும் சூரியப்புள்ளியும்

கணக்கதிகாரத்தின் பலாப்பழப் பாட்டை ஒருமுறையாவது வாட்ஸப்பில் பார்த்திருப்பீர்கள். காம்பருகே உள்ள சிறுமுள்களை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு. பழத்தை வெட்டாமலே சுளைகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். கீழே வழக்கமான பின்குறிப்பு: தமிழன் அன்றே சொல்லிவிட்டான். நானும் இரண்டு குழுக்களில் அதைப் பகிர்ந்திருக்கிறேன். ப்ளஸ் டூ கணக்கில் 200க்கு 200 வாங்கியவன். பிழைப்புக்கு மென்பொருள் எழுதுபவன். சோதிக்காமல் ஒரு வரி நிரலைக்கூட வெளியே விடமாட்டேன். ஆனால் ஒரு பழத்தைக்கூட எண்ணிப் பார்த்ததில்லை.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நண்பன் கணக்கு வாத்தியார். "கணக்கைக் கொஞ்சம் சுவாரசியமா நடத்தணும்டா, வா" என்று ஒரு ஜூன் சனிக்கிழமை கூப்பிட்டான். பலா சீசன். இரண்டு பழம் வாங்கிக்கொண்டு எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தேன். பாட்டைச் சொல்லி, விளக்கி, பழத்தை வெட்டி, கைதட்டு வாங்குவதுதான் திட்டம்.

திட்டம் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், காம்புக்குப் பக்கம்னா எந்த முள்ளு வரைக்கும் சார்?"

என்னிடம் பதில் இல்லை. மூன்று குழுக்களாகப் பிரிந்து அவரவர் விருப்பப்படி எண்ணினார்கள். காம்பை ஒட்டிய முதல் வளையத்தை மட்டும் எண்ணிய குழுவுக்கு 22 முள். கணக்குப்படி 26.4 சுளை. "புள்ளி நாலு சுளையை யாருக்குக் குடுக்குறது?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. இரண்டு வளையம் எண்ணியவர்களுக்கு 35 முள், 42 சுளை. இன்னும் தள்ளிப் போனவர்களுக்கு 60 முள், 72 சுளை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்து எண்ணினோம். 97.

இந்த விதி துல்லியமாக வர வழியில்லை என்பதைப் பழமே சொல்கிறது. பலாப்பழம் தனிக்கனி அல்ல, ஒரு பூங்கொத்து முழுவதும் சேர்ந்து பழுத்தது. மேலே தெரியும் ஒவ்வொரு முள்ளுக்கும் அடியில் ஒரு பூ இருந்தது. மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகும், சேராதது சுளைகளுக்கு இடையில் சடையாக நிற்கும். எத்தனை பூவில் மகரந்தம் சேர்ந்தது என்று காம்படி முள்ளுக்கு எப்படித் தெரியும்?

இதனால் காரிநாயனாரின் நூல் சிறுத்துவிடாது. கணக்கதிகாரத்தின் பெரும்பகுதி நிலம், பொன், நெல், அரிசி என்று அன்றாடம் அளந்து வாழ்ந்தவர்களின் கணக்கு. செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட 'மேத்தமேடிக்ஸ் அண்ட் சொசைட்டி' என்ற ஆங்கில நூல் திண்ணைப் பள்ளிகளையும் எண்சுவடிகளையும் இந்த அளவை உலகத்தோடு சேர்த்தே வாசிக்கிறது. அந்த வாசிப்புக்குப் பிறகு பலாப் பாட்டை மட்டும் தனியே பிய்த்தெடுத்துப் பெருமைப்படுவது, பெரிய மளிகைக்கடைக்குள் போய்விட்டு வாசலில் தொங்கும் தோரணத்தை மட்டும் படமெடுத்து வருவதுபோல இருக்கிறது.

பாட்டின் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. அது முடியும் இடம். இதைச் செய்தால் போதும், வேறு எண்ணவே வேண்டாம் என்ற தொனியில் முடிகிறது. மனப்பாடத்துக்கு அது நல்ல முடிவு. வகுப்புக்கு அதுதான் ஆபத்து. யார் எண்ணினார், எங்கே நிறுத்தினார் என்பதெல்லாம் அந்த ஈற்றடியில் மறைந்துவிடுகிறது.

அதே மலைத்தொடரின் உச்சியில் இன்னொரு எண்ணும் விதி புழங்குகிறது. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். எவர்ஷெட் 1909இல் சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தது இங்கேதான். புள்ளிகளை எண்ண பத்தொன்பதாம் நூற்றாண்டில் ருடால்ஃப் வுல்ஃப் கொடுத்த சூத்திரம் ஏறக்குறையப் பலாப் பாட்டு மாதிரியே எளியது. புள்ளிக் கூட்டங்களை எண்ணிப் பத்தால் பெருக்கு, தனிப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டு. ஆனால் அதோடு நிற்கவில்லை. வந்த விடையை இன்னோர் எண்ணாலும் பெருக்கச் சொல்கிறது. அந்த எண் பார்ப்பவரின் கண்ணுக்கும் தொலைநோக்கிக்கும் ஏற்ப மாறும். எந்த முள்ளு வரைக்கும் என்ற கேள்விக்குச் சூத்திரத்துக்குள்ளேயே ஓர் இருக்கை போட்டுவைத்திருக்கிறார்கள்.

கணக்கைக் கதையாக்கு, பாட்டாக்கு, விளையாட்டாக்கு என்று இன்று நிறைய கேட்கிறோம். நானும் அந்த எண்ணத்தோடுதான் மலையேறினேன். யோசித்தால், அது கசப்பு மாத்திரைக்கு வெல்லம் தடவும் வேலை, மாத்திரை அப்படியேதான் இருக்கிறது. சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் 1993இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். கையில் கிடைக்கும் எளிய பொருள்களை வைத்தே கணக்கு சொல்லிக்கொடுத்தவர் அவர். பொருள் கைக்கு வந்தால்தான் பிள்ளைக்கு விதியைச் சந்தேகிக்கும் உரிமை வருகிறது. எனக்குப் பள்ளியில் கிடைக்காதது அந்த உரிமைதான். 200 மதிப்பெண்ணில் ஒன்றுகூட நான் கேட்ட கேள்விக்காகக் கிடைத்ததில்லை.

இரண்டாவது பழத்தை வெட்டும் முன் வகுப்பு தன் விதியைக் கரும்பலகையில் எழுதியது. இரண்டு வளையம் மட்டும் எண்ண வேண்டும். முதல் பழத்தில் 35 முள்ளுக்கு 97 சுளை, ஆகவே ஒரு முள்ளுக்குச் சுமார் 2.8. இரண்டாவது பழத்தில் 40 முள் இருந்தது, 112 என்று கணித்தார்கள். வெட்டினால் 131. பத்தொன்பது தப்பு. பழைய விதிப்படி 48 என்று வந்து எண்பத்து மூன்று தப்பியிருக்கும். யாரும் வருத்தப்படவில்லை. "இன்னொரு பழம் இருக்கா சார்?" என்றுதான் கேட்டார்கள்.

பாட்டு இப்போதும் மாதம் ஒருமுறை ஏதாவது குழுவில் வருகிறது. அந்த மாணவியின் கேள்வியை மட்டும் கீழே போடுகிறேன்: எந்த முள்ளு வரைக்கும் எண்ணினீர்கள்? இதுவரை யாரும் பதில் எழுதவில்லை.