சுத்தியல் துள்ளும் தூரம்

பழைய கட்டடத்தின் தூணையோ பாலத்தின் உத்தரத்தையோ சோதிக்க வரும் பொறியாளர்கள் பெரும்பாலும் முதலில் எடுக்கும் கருவி ரீபவுண்ட் ஹாமர். 1940-களின் இறுதியில் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் உருவாக்கியது. உள்ளிருக்கும் எடையை ஒரு ஸ்பிரிங் முடுக்கிவிட, அது கான்கிரீட்டில் ஊன்றிய எஃகுத் தண்டில் மோதித் துள்ளும். துள்ளிய தூரம் அளவுகோலில் எண்ணாக விழும். எதையும் உடைக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான இடங்களைத் தட்டிப் பார்த்துவிடலாம். இவ்வளவு மலிவாக, இவ்வளவு பரவலாகக் கட்டடத்தைத் துழாவ வேறு வழி அரிது. ஆனால் அந்த எண்ணை அட்டவணையில் வைத்து நேராக மெகாபாஸ்கலாக்கி, ‘கான்கிரீட்டின் வலிமை இவ்வளவு’ என்று அறிக்கையில் எழுதும் வழக்கத்தை ஏற்க முடியாது.

சுத்தியல் அளப்பது மேற்பரப்பின் கடினத்தை; ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீழே நடப்பது அதற்கு எட்டாது. அடியில் பெரிய ஜல்லி இருந்தால் எண் ஏறும், பரப்பு ஈரமாயிருந்தால் இறங்கும், சுத்தியலைப் பிடிக்கும் கோணம் மாறினாலும் மாறும். 1992-இல் வந்த இந்தியத் தரநிலை ஐஎஸ் 13311-இன் இரண்டாம் பகுதியே இம்முறையின் மதிப்பீடு 25 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்றது. 20 மெகாபாஸ்கல் என்று வந்தால் உண்மை 15-ஆகவும் இருக்கலாம், 25-ஆகவும் இருக்கலாம். தூணை இடிப்பதா விடுவதா என்பதே அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

இவற்றைவிட என்னைக் கவலைகொள்ள வைப்பது கார்பனேற்றம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டின் கால்சியம் ஹைட்ராக்சைடுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகிறது, மேல்தோல் இறுகுகிறது, சுத்தியல் உயரத் துள்ளுகிறது. அதீத நேர்வுகளில் மதிப்பீடு உண்மையைவிட 50 விழுக்காடு வரை மிகையாகலாம் என்று அதே தரநிலை எச்சரித்தது. அதே வேதிவினைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையையும் தின்றுவிடுகிறது. அதாவது, கம்பி காப்பிழந்து நிற்கும் கட்டடத்துக்கே கருவி கூடுதல் மதிப்பெண் தருகிறது. இதைச் சிறு அளவீட்டுப் பிழையென்று ஒதுக்க முடியாது. ஆபத்து இருக்கும் பக்கமாகவே சாயும் பிழை இது.

புவியியலாளர் கையில் இதே சுத்தியல் நேர்மாறாகப் பேசுகிறது. பனியாறு விட்டுச்சென்ற பாறைகளை நார்வேயில் இதனால் தட்டி, அவை வெளிப்பட்டு எவ்வளவு காலமாயிற்று என்று கணித்திருக்கிறார்கள். பாறை வெயிலிலும் மழையிலும் கிடக்கக் கிடக்க மேற்பரப்பு தளர்ந்து துள்ளல் குறையும். கான்கிரீட்டிலோ முதுமை எண்ணைக் கூட்டுகிறது. எண் தனித்து எதையும் சொல்வதில்லை, அந்தப் பொருளின் வரலாறு தெரிந்தால்தான் பேசும். வயது தெரிந்த பாறைகளோடு முதலில் ஒப்பிட்ட பிறகே தெரியாததைக் கணிப்பது அத்துறையின் ஒழுக்கம். கண் மருத்துவத்திலும் இக்குடும்பக் கருவி ஒன்று உண்டு: சிறு முனையொன்று கருவிழியில் பட்டுத் துள்ளுவதை வைத்துக் கண்ணழுத்தத்தை அளப்பது. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து வேண்டாததால் குழந்தைகளுக்கு அது பெரிய உதவி. கருவிழி தடித்திருந்தால் அழுத்தத்தை மிகையாகக் காட்டும் என்பது தெரிந்ததால், ஐயம் எழும்போது கருவிழியை மெல்ல அழுத்தி அளக்கும் கோல்ட்மன் முறையில் மறுபடி அளக்கிறார்கள்.

திருத்தக் கெழுக்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, சீனத் தரநிலை கார்பனேற்ற ஆழத்தையும் அளந்து கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. கான்கிரீட்டுக்குள் ஒலி செல்லும் வேகத்தை அளக்கும் மீயொலிச் சோதனையைச் சேர்த்துச் செய்வதும் பயன் தரும். ஈரம் துள்ளலைக் குறைத்து ஒலியின் வேகத்தைக் கூட்டுவதால் ஒன்றின் பிழையை மற்றொன்று ஓரளவு ஈடுகட்டும். ஆனால் இவை பிழையைச் சுருக்குமே தவிர, கட்டடத்துக்குள்ளிருந்து எடுத்த சான்றாகிவிடாது. சோதிப்பதற்காகக் கோர் என்னும் உருளைத் துண்டை வெட்டியெடுத்தால் தூண் புண்படும், செலவாகும் என்ற மறுப்பில் நியாயமுண்டு. அதனால்தான் சுத்தியல் தேவை: எந்தத் தூண்கள் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கின்றன என்று அது காட்டட்டும், அங்கே மட்டும் கோர் எடுத்து, அந்த வலிமைகளைக் கொண்டே அக்கட்டடத்துக்கான அட்டவணையைப் போடலாம். ஐரோப்பியத் தரநிலை இஎன் 13791 காட்டும் பாதையும் இதுவே. கோர் எடுக்க வழியில்லாத இடத்தில் அறிக்கையில் துள்ளல் எண்ணும் கார்பனேற்ற ஆழமும் மட்டும் இருக்கட்டும். மெகாபாஸ்கல் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடலாம்.