நூற்பாவும் உரையும்: பொருளியலில் கணித வாய்பாட்டின் இடம்

நூற்பா தன்னளவிற் செறிவுடையதாயினும் உரையின்றி முழுப்பயன் தராது என்பது தமிழிலக்கண மரபு கண்ட உண்மை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் முதலானோர் உரை வரைந்ததும், நன்னூலார் பாயிரத்திலேயே உரையின் இலக்கணத்தை வகுத்ததும் இக்கருத்துப் பற்றியே. கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்னும் ஐந்தும் காண்டிகையுரைக்குரிய உறுப்புகள். இவ்வைந்தையும் அளவுகோலாகக் கொண்டு, நம் துறைக்குப் புறம்பானதாகத் தோன்றும் நூற்பா ஒன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அது பொருளியலார் 'கோஸ் தேற்றம்' என வழங்குவது. அதற்குக் காட்டாக யாம் கொள்வது வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியின் தோல் தொழிலும், அத்தொழிலின் கழிவேற்ற பாலாறும் ஆம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலாகப் பொருளியல் கணித வடிவை நாடலாயிற்று. அப்போக்கின் கொடுமுடி எனத்தக்கது ஜெரார் டெப்ரூ 1959இல் வெளியிட்ட 'மதிப்புக் கோட்பாடு'. கோட்பாட்டின் தருக்க அமைப்பு வேறு, அதற்குக் கூறப்படும் பொருள்விளக்கம் வேறு என்பது அவர் துணிபு. நம் மொழியிற் கூறின், நூற்பாவை உரையினின்றும் அறுத்து நிறுத்தினார் எனலாம். இதற்கு மாறான நிலையினர் ஆல்பிரடு மார்ஷல். கேம்பிரிட்ஜில் 1865இல் கணிதத்தேர்வில் இரண்டாமிடம் பெற்ற அவர், 1906இல் பௌலி என்பார்க்கு எழுதிய மடலில், கணிதத்தைச் சுருக்கெழுத்தாகவே கொள்ளவும், முடிவை வழங்குமொழியிற் பெயர்க்கவும், வாழ்வினின்று காட்டுத் தரவும், பின்னர்க் கணிதத்தை எரித்துவிடவும் அறிவுறுத்தினார். உரை எழுதியபின் நூற்பாவை எரிப்பது மிகையே. ஆயினும், காட்டில்லாத முடிவை அவர் ஏலாமை உளங்கொளத்தக்கது.

இனி, தேற்றத்தின் கருத்தைக் காண்போம். ரொனால்டு கோஸ் 1960இல் 'சமூகச் செலவுச் சிக்கல்' என்னும் கட்டுரையை எழுதினார். ஒருவன் வளர்க்கும் மாடுகள் அயலான் பயிரை அழித்தல் அவர் கொண்ட எடுத்துக்காட்டு. இழப்புக்கு மாட்டுக்காரன் பொறுப்பாயினும் ஆகாதொழியினும், இருவரும் செலவின்றிப் பேசி உடன்பாடு காண இயலுமாயின், விளைவின் மொத்த மதிப்பு ஒன்றாகவே இருக்கும் என்பது அதன் பிழிவு. 'தேற்றம்' என்னும் பெயரைக் கோஸ் இட்டிலர். 1966இல் ஜார்ஜ் ஸ்டிக்ளர் இட்டார். கோஸின் கட்டுரையில் உயர்கணிதம் இல்லை. சிறு எண்கணக்குகளும் நீதிமன்ற வழக்குகளுமே உள்ளன. உடன்பாட்டுக்குச் செலவு நேரும் மெய்யுலகமே அவர் ஆராய விரும்பியது. பின்வந்தோரோ செலவில்லா உலகைப் பற்றிய பகுதியைப் பிரித்தெடுத்து வாய்பாடாக்கினர். தம் கருத்து இவ்வாறு திரிந்தமையைக் கோஸே 1988இல் எடுத்துரைத்தார். மெய்யுலகு நோக்காத ஆய்வைக் 'கரும்பலகைப் பொருளியல்' என்றும் கடிந்தார்.

பதப்பொருள் காணுங்கால் இரு சொற்கள் நம்மைத் தடுத்து நிறுத்துகின்றன. ஒன்று, 'செலவின்றி' என்பது. எதிராளி யார் என அறிதல், அவரோடு பேசுதல், உடன்பாட்டைக் காத்தல் ஆகிய அனைத்தும் செலவே. மற்றொன்று, 'ஒன்றாகவே' என்பது. ஒன்றாக இருப்பது விளைவின் மொத்தக் கூட்டுத்தொகை; அது யார் கையிற் சேரும் என்பதன்று. கூட்டுத்தொகையை நோக்குவார்க்கு இவ்வேறுபாடு சிறிது. கிணறு கெட்ட உழவனுக்கோ அதுவே எல்லாம்.

காட்டுக்கு வருவோம். ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டு வந்த இப்பகுதி, 1970களில் அரைப்பதத்தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் குரோமிய முறையைப் பெரிதும் மேற்கொண்டது. கழிவுநீர் நிலத்தையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்தை நாடியது. 28.8.1996இல் வந்த தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாயிற்று என்னும் ஆய்வுச் செய்தியை எடுத்துரைக்கின்றது. மாசுபடுத்தியோரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியை அத்தீர்ப்பு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அதன்வழி அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் 2001இல், 547 தொழிலகங்களிடமிருந்து ஏறத்தாழ 26.8 கோடி ரூபாய் பெற்று, 29,000க்கு மேற்பட்டோர்க்கு வழங்கப் பணித்தது.

இவ்வெண்களைத் தேற்றத்தின் அருகில் வைப்போம். கோஸின் காட்டில் இருந்தோர் இருவர். இங்கோ ஒவ்வோர் உழவரும் ஒவ்வொரு தொழிலகத்தோடும் பேசுவதாயின், பேச்சுகளின் தொகை ஒன்றரைக் கோடியைக் கடக்கும். எக்கிணற்றின் உப்பு எத்தொழிலகத்தினின்று வந்தது என நிலத்தடி நீர் சொல்லாது. 'செலவின்றி' என்னும் ஒரு சொல் பாலாற்றங்கரையில் எத்துணைப் பெரிய மறைப்பு என்பது இதனாற் புலனாகும். பதனிடுவோர் தம்முள் ஒன்றுபட்டுப் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தமையை லொரேன் கென்னடி 1999இல் ஆராய்ந்தார். ஒரே தொழிலினர், ஓரூரினர், நீதிமன்ற ஆணையின் நெருக்கடியில் ஒன்றுபடல் இயன்றது. ஆற்றின் இருவேறு நலத்தார்க்கிடையே அத்தகைய உடன்பாடு தானே தோன்றவில்லை.

ஈண்டு வினா ஒன்று எழும். வாய்பாடு வாழ்வை மறைக்குமெனின், எண்ணையே விலக்கிவிடலாமோ? விலக்கலாகாது என்பது எம் விடை. இழப்பை எண்ணாற் கூறியிராவிடின் உழவர் முறையீடு வெறும் புலம்பலாகவே நின்றிருக்கும். ஈட்டுத்தொகை என ஒன்று தோன்றியிராது. மேலும், நிபந்தனையைத் தெளிவுறக் கூறியதனாலன்றோ அதன் குறையை நாமும் காண முடிந்தது? காரிநாயனாரின் கணக்கதிகாரம் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையெண்ண வழி கூறும். காம்பைச் சூழ்ந்த முட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். அவ்வாய்பாடு பிழையாயினும் கேடில்லை; பழத்தை அறுத்தால் உண்மை வெளிப்படும். அறுத்துப் பார்க்கும் வாய்ப்பே அவ்வாய்பாட்டின் மேன்மை.

பாலாற்றுக் கணக்குக்கும் இத்தகைய சோதனை வேண்டும். மேற்குறித்த ஈட்டுத்தொகையை ஈடு பெறுவோர் தொகையால் வகுப்பின் தலைக்கு ஏறத்தாழ 9,000 ரூபாய் வரும். இச்சராசரி எவருடைய இழப்பையும் சொல்லாது. ஒரு கிணறு முற்றும் உவர்த்தவனையும், ஒரு போகம் குறைந்தவனையும் ஒன்றாக்கிவிடும். நிலப்பரப்பை அலகாகக் கொள்ளும் வாய்பாடு எதுவாயினும், நிலமில்லாக் கூலியாளின் வேலையிழப்பு அதன் கண்ணுக்குப் புலப்படாது. 2001இல் வகுத்த ஈட்டை ஆறு வாரத்திற் கொடுக்குமாறு உச்சநீதிமன்றம் 30.1.2025இல் மீண்டும் பணிக்க நேர்ந்தது. இடைப்பட்ட இருபத்து நான்கு ஆண்டுகளின் காத்திருப்பும் ஒரு செலவே. தேற்றம் சுழியம் என வைத்தது இத்தகைய செலவையே.

ஆகவே, குறை கணிதத்தின்கண் இல்லை. உரையை இழந்த நூற்பாவின்கண் உள்ளது. நூற்பாவை மனப்பாடஞ் செய்து காட்டை மறந்த மாணவனை நாம் இலக்கணம் கற்றவன் என்பதில்லை. அதே அளவுகோலைப் பொருளியல் வாய்பாட்டுக்கும் கொள்ளுதல் நேரிது. வாய்பாடு கூறுவோர், அஃது எந்நிபந்தனையில் நிற்கும், எச்சொல் எதனை மறைக்கும், எவ்வூரில் அறுத்துப் பார்க்கலாம் என்னும் மூன்றையும் உடன்கூறுதல் கடன். உரை மரபிற் பயின்ற தமிழ் ஆய்வாளர் அம்மூன்றையும் கேட்டறியத் தகுதியுடையர். அக்கேள்விக்கு விடை தரும் பழம், பாலாற்றங்கரையில் ஒவ்வொரு கிணற்றடியிலும் உள்ளது.