யாருக்காக இந்த 90 சதவீதம்?

புதிதாக ஒரு சர்வரைக் கண்காணிப்புக்குள் கொண்டுவருபவர் முதல் நாளே எழுதிவைக்கும் விதிகள் இடத்துக்கு இடம் அதிகம் மாறுவதில்லை. சிபியு 80 சதவீதத்தைத் தாண்டினால் ஓர் அலர்ட், டிஸ்க் 90 சதவீதம் நிரம்பினால் இன்னோர் அலர்ட். எழுதப் பத்து நிமிடம் போதும். ஏன் அடித்தது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டிஸ்க் நிரம்பி நள்ளிரவில் டேட்டாபேஸ் படுத்துவிடாமல் இந்த எளிய விதிகள் காப்பாற்றியும் இருக்கின்றன. ஆனால் அந்த எண்கள் பெரும்பாலும் அந்தச் சர்வரைக் கவனித்துப் பெற்றவை அல்ல. ஏதோ ஒரு மாதிரிக் கோப்பிலிருந்து கைமாறி வந்தவை. இதைத் தாண்டினால் யார், எதை, எவ்வளவு நேரத்துக்குள் செய்ய வேண்டும்? வரம்பு வைப்பவர் முதலில் கேட்க வேண்டிய இந்தக் கேள்விக்கு, இரவல் எண்ணிடம் பதில் கிடையாது.

டிஸ்க்கையே எடுத்துக்கொள்வோம். 100 ஜிபி டிஸ்க் 90 சதவீதம் நிரம்பினால் மீதி 10 ஜிபி. லாக் கோப்பு ஒன்று நிமிடத்துக்கு 200 எம்பி வீதம் வளர்ந்தால் 50 நிமிடத்தில் கதை முடிந்தது. 10 டிபி டிஸ்க்கில் அதே 90 சதவீதம் என்றால் மீதி 1 டிபி. நாளுக்கு 2 ஜிபி சேர்ந்தாலும் ஓராண்டுக்கு மேல் தாங்கும். டாஷ்போர்டில் இரண்டுக்கும் ஒரே சிவப்பு. பாதி டிஸ்க் காலியாக இருக்கும்போதே லட்சக்கணக்கான சிறு கோப்புகள், கோப்புக்கு ஒன்று வீதம் தேவைப்படும் ஐநோடு எனும் பதிவிடங்களைத் தின்று தீர்த்துவிடுவதும் உண்டு; புதிதாக ஒரு கோப்பைக்கூட உருவாக்க முடியாது, சதவீத விதியோ பச்சையாகவே காட்டும். மெமரியிலும் இதே சிக்கல்தான். சும்மா கிடக்கும் மெமரியை லினக்ஸ் கோப்புகளின் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், தேவை வந்தால் விட்டுக்கொடுக்கும். இது தெரியாமல் காலி மெமரிக்கு வரம்பு வைத்தால், நல்ல நிலையில் ஓடும் சர்வர் தினமும் அலறும்.

பத்து முறை வீணாக அடித்தாலும் பரவாயில்லை, ஒன்றைத் தவறவிடக் கூடாது என்பார்கள். மனிதக் கவனம் வற்றாது என்று நம்பினால்தான் இந்த வாதம் நிற்கும். 2012 ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான நைட் கேபிடலில், சந்தை திறக்கும் முன்பே உள் அமைப்பு ஒன்று பிழையைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியது. அவை அலர்ட்டாக வடிவமைக்கப்பட்டவை அல்ல. வந்ததும் படிக்கும் வழக்கமும் இல்லை. சந்தை திறந்த 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம். செய்தி வந்து சேர்ந்திருந்தது, பார்த்ததும் எழுந்து ஓட வேண்டிய பொறுப்புதான் எவரிடமும் இல்லை. தினமும் வீணாக அடிக்கும் அலர்ட், உண்மையான எச்சரிக்கையையும் இந்தக் கதிக்கே தள்ளுகிறது.

பயனர் உணரும் கோளாறுக்கே முதன்மையாக ஆளை எழுப்புங்கள் என்பது கூகுள் பொறியாளர்கள் 2016-ல் வெளியிட்ட நூல் வலுவாக முன்வைத்த கருத்து. பயனர் உணரும்போது காலம் கடந்துவிடுமே என்ற மறுப்பு டிஸ்க் விஷயத்தில் முற்றிலும் நியாயமானது. நிரம்பும் நொடி வரை வெளியே எதுவும் தெரியாது. அதற்கு, வரம்பைச் சதவீதத்திலிருந்து நேரத்துக்கு மாற்றுவதே சரியான வழி. கடந்த சில மணி நேர வளர்ச்சியை நீட்டிப் பார்த்து, இன்னும் நான்கு மணி நேரத்தில் நிரம்புமா என்று கணிக்கும் வசதி ப்ரொமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் இருக்கிறது. நான்கு மணி நேரம் என்றால் தூங்குபவரை எழுப்பலாம். நான்கு நாள் என்றால் காலையில் பார்க்க ஒரு டிக்கெட் போதும். நேர்கோட்டுக் கணிப்பு என்பதால், நள்ளிரவு பேக்கப் எழுதும் நேரத்தில் இது ஏமாறும். ஆகவே நிரம்பிய அளவையும் நிபந்தனையில் சேர்ப்பது நல்லது. பழைய 90 சதவீதத்துக்கு அங்கே பொருத்தமான வேலை கிடைக்கிறது.

பயனர் உணரும் கோளாறைப் பிழை விகிதத்தால் அளப்பது மட்டும் சிறிய தளங்களுக்கு முழுதாகப் பொருந்தாது. இரவில் மணிக்கு ஐந்தே கோரிக்கைகள் வரும் கடையின் தளத்தில் ஒன்று தவறினாலே பிழை விகிதம் 20 சதவீதம். அங்கே வெளியிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தைத் திறந்து பார்க்கும் சோதனை வைத்து, மூன்று முறை தொடர்ந்து தோற்றால் மட்டும் போன் அடிக்கச் செய்யலாம். சிபியு வரைபடம் டாஷ்போர்டிலேயே இருக்கட்டும், போன் அடித்த பிறகு திறந்து பார்க்க.