கண்டவர் வேறு, சொல்பவர் வேறு

சி மொழியில் ரசித்துப் படிக்கத்தக்க நிரல் எது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது, ஜேபெக் படங்களைக் கையாளும் லிப்ஜேபெக் லைப்ரரியில் இருக்கும் ஜெஎரர்.சி என்ற கோப்பைத்தான். மொத்தமே சுமார் 250 வரி; அதிலும் கணிசமான பகுதி விளக்கக் குறிப்புகள். படத்தைச் சுருக்கும் கணிதம் எதுவும் அதில் இல்லை. படத்தைச் சுருக்கும்போதோ விரிக்கும்போதோ கோளாறு நேர்ந்தால் என்ன செய்வது என்பது ஒன்றே அதன் பொருள். பிழையைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதை எடுத்துச் சொல்வது வேறு வேலை என்ற தெளிவு அந்தக் கோப்பு முழுக்க ஓடுகிறது.

இந்த லைப்ரரியை இன்டிபெண்டன்ட் ஜேபெக் குரூப் என்ற குழு 1991-இல் முதன்முதலில் வெளியிட்டது. குழுவை முன்னின்று நடத்தியவர் டாம் லேன். 1998-இல் வந்த 6பி பதிப்பை வைத்தே இங்கே பேசுகிறேன். ஜேபெக் படம் எங்கெல்லாம் திறக்கப்படும் என்று யோசித்தால் அவர்கள் முன் இருந்த சிக்கல் புரியும். கமாண்ட் லைன் கருவி, பிரவுசர், பிரின்டர், எங்கோ ஓடும் சர்வர். படம் கெட்டிருப்பதைக் கண்ட இடத்திலேயே பிரின்ட்எஃப் போட்டு, கூடவே எக்ஸிட்டும் போட்டால் கமாண்ட் லைனில் அது சரியான நடத்தை. பிரவுசரிலோ, ஒரே ஒரு கெட்ட படத்துக்காகத் திறந்திருந்த பக்கங்கள் அத்தனையும் மூடிப் போகும். பிழையைக் கண்ட ஃபங்ஷனுக்கு என்ன தவறு என்று துல்லியமாகத் தெரியும். கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்று தெரியாது. தெரியாத விஷயத்தில் அது முடிவெடுக்கக் கூடாது.

யூனிக்ஸ் இதற்கு முன்பே ஒரு வழி காட்டியிருந்தது. ஃபங்ஷன் தோற்றால் எர்நோ என்ற மாறியில் ஓர் எண்ணை விட்டுச் செல்லும். அதை வாக்கியமாக்குவது வேறு ஃபங்ஷனின் வேலை. நல்ல தொடக்கம்தான். ஆனால் வெறும் எண்ணால் விவரத்தைச் சுமக்க முடியாது. “அப்படி ஒரு கோப்பு இல்லை” என்று வரும். எந்தக் கோப்பு என்று வராது. கண்ட இடத்தில் தெரிந்திருந்த தகவல், சொல்லும் இடத்துக்கு வருவதற்குள் தொலைந்துவிடுகிறது.

லிப்ஜேபெக் அந்தத் தகவலைத் தொலைக்கவில்லை. ஜேபெக் கோப்பின் முதல் இரண்டு பைட்டுகள் எஃப்எஃப், டி8 என்று இருக்க வேண்டும். இல்லையென்றால், கோப்பைப் படிக்கும் ஃபங்ஷன் ஒரே வரியில் ஒரு மேக்ரோவை அழைக்கிறது. அந்த மேக்ரோ, பிழையின் குறியீட்டு எண்ணையும் கண்ணில் பட்ட இரண்டு பைட்டுகளையும் ஒரு ஸ்ட்ரக்சரில் பதிந்துவிட்டு, ஃபங்ஷன் பாயிண்டர் ஒன்றின் வழியாகக் கட்டுப்பாட்டைக் கைமாற்றுகிறது. அங்கே ஒரு வாக்கியம்கூட இல்லை. வாக்கியங்கள் எல்லாம் தனி அட்டவணையில் இருக்கின்றன. யாராவது கேட்டால் மட்டும் இன்னொரு ஃபங்ஷன் வந்து எண்ணுக்குரிய வாக்கியத்தை எடுத்து, பைட்டுகளை அதில் பொருத்தித் தருகிறது: இது ஜேபெக் கோப்பு அல்ல, தொடக்கம் 89, 50. பிஎன்ஜி படங்கள் தொடங்கும் விதத்தை அறிந்த அனுபவப்பட்டவருக்கு அது போதும். யாரோ பிஎன்ஜி படத்தின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். நிரல் அப்படி ஊகிக்கவில்லை. பார்த்ததைச் சிதறாமல் ஒப்படைத்தது, அவ்வளவே. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர் அளவை எழுதித் தருகிறார். நோயாளியிடம் அதை எப்படிச் சொல்வது என்பதை டாக்டர் பார்த்துக்கொள்கிறார்.

வாக்கியத்தை அமைப்பது, அதை வெளியிடுவது, வேலையை நிறுத்துவது ஆகிய மூன்றுக்கும் தனித்தனி பாயிண்டர்கள். எதை வேண்டுமானாலும் தனியாக மாற்றலாம். எதையும் மாற்றாவிட்டால், செய்தியை எழுதிவிட்டு நிரலை முடித்துக்கொள்ளும். சின்னக் கருவிகளுக்கு அது போதும். விண்டோஸில் செய்தியைச் சின்னப் பெட்டியாகக் காட்டலாம். செய்தியின் மொழியையே மாற்ற விரும்புகிறவர் வாக்கியத்தை அமைக்கும் ஃபங்ஷனை மட்டும் மாற்றினால் போதும் என்கிறது லைப்ரரியின் கையேடு. படத்தை விரிக்கும் நிரலில் ஒரு வரியும் அசைய வேண்டாம்.

இதைவிட அழகானது எச்சரிக்கைகளைக் கையாளும் விதம். கோப்பில் ஒரு பைட்டுகூட இல்லையென்றால் அது மீள முடியாத பிழை. பாதியில் அறுந்திருந்தால் வெறும் எச்சரிக்கை. முடிவுக் குறியைத் தானே செருகிக்கொண்டு, கிடைத்தவரை விரித்துத் தருகிறது. சாதாரண ஜேபெக் படமானால் மிச்சப் பகுதி ஒரே சாம்பல் நிறமாக நிற்கும். டவுன்லோட் நடுவில் நின்றுபோன படங்களில் நாம் எல்லோரும் அந்தச் சாம்பலைப் பார்த்திருக்கிறோம். கெட்டுப்போன கோப்பு நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை எழுப்பக்கூடும் என்பதால், முதல் எச்சரிக்கையை மட்டும் வெளியிட்டு மற்றவற்றை அடக்கிக்கொள்கிறது. ஆனால் எண்ணிக்கையில் ஒன்றையும் விடுவதில்லை. கூடவே வரும் டிஜேபெக் கருவி, எண்ணிக்கை பூஜ்யமாக இல்லாவிட்டால் வெற்றி, தோல்வி இரண்டிலிருந்தும் வேறான 2 என்ற தனி எண்ணோடு முடிகிறது. பேசியது ஒரு வரி. தெரிந்துவைத்திருப்பது முழுக் கணக்கு. கண்டதையெல்லாம் சொல்லியாக வேண்டியதில்லை, சொல்லாததால் காணாததாகிவிடவும் இல்லை என்பதை இத்தனை சுருக்கமாகச் செய்துகாட்டிய நிரல் அபூர்வம்.

இதெல்லாம் நிற்பது மெமரி ஒழுங்கின் மேல். மீள முடியாத பிழைக்கான ஃபங்ஷன் அழைத்த இடத்துக்குத் திரும்பவே கூடாது என்பது ஒப்பந்தம். அதனால் பிரவுசர் போன்றவை லாங்ஜம்ப் மூலம் பல அடுக்குகளைத் தாண்டி வெளியே குதிக்கின்றன. சாதாரண சி நிரலில் அப்படிக் குதித்தால் இடையில் வாங்கிய மெமரி எல்லாம் அநாதையாகிவிடும். இங்கே லைப்ரரி வாங்கும் மெமரி அனைத்தும் அந்தந்தப் படத்தின் ஆப்ஜெக்ட்டோடு சேர்ந்த தொகுப்பிலிருந்து வருகிறது. ஒரே அழைப்பில் மொத்தமும் விடுதலை. லாங்ஜம்ப்பில் ஆபத்துகள் உண்டு. சி பிளஸ் பிளஸ் டிஸ்ட்ரக்டர்களை அது கண்டுகொள்ளாது. குதித்து வந்தபின், இடையில் மாற்றப்பட்ட உள்ளூர் மாறிகளின் மதிப்பை நம்ப முடியாது. பயன்படுத்துகிறவர் கவனமாகத்தான் இருக்க வேண்டும். அந்த விலைக்குக் கிடைப்பது, ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னும் தோல்வியா என்று விசாரிக்கும் வரிகள் இல்லாத தெளிந்த நிரல்.

டாம் லேன் பின்னாளில் போஸ்ட்கிரஸ்கியூஎல் டேட்டாபேஸின் முதன்மை உருவாக்குநர்களில் ஒருவரானார். 2003-இல் வந்த அதன் 7.4 பதிப்பிலிருந்து பிழைக் குறியீடு, செய்தி, விவரம், யோசனை எல்லாம் தனித்தனிப் புலங்கள். பயனருக்குப் போவது எது, சர்வர் பதிவேட்டில் விழுவது எது என்பதைப் பெரும்பாலும் பிழை கண்ட வரி தீர்மானிப்பதில்லை, செட்டிங் தீர்மானிக்கிறது. அங்கும் தாண்டிக் குதித்தல் உண்டு, தொகுப்பாக விடுவிக்கப்படும் மெமரி உண்டு. அளவில் பல மடங்கு பெரிய கட்டடம், ஆனால் அதே அஸ்திவாரம்.

குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இன்று பயன்படுத்தும் லிப்ஜேபெக்-டர்போ, பழைய லைப்ரரியின் இந்தப் பிழை ஏற்பாட்டை அப்படியே காப்பாற்றி வருகிறது. வேகத்துக்காக உள்ளே எவ்வளவோ திருத்தி எழுதினார்கள். இதைத் தொடத் தேவை வரவில்லை. முதலில் எழுதியவர்கள் நம் ஃபோனையும் இன்றைய பிரவுசரையும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. அறிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. யாரிடம், எப்படி, எவ்வளவு சொல்வது என்ற முடிவை, அதை எடுக்கத் தகுதி உள்ளவரிடமே விட்டுவைத்தார்கள். காலத்தைத் தாண்டி நிற்கும் நிரலுக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது.