யாருடைய விருப்பம்?

ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன்: "இந்தப் பாடத்தை ஏன் எடுத்தீர்கள்?" பிற துறை மாணவர்களுக்காகத் தமிழ்த்துறை நடத்தும் விருப்பப்பாடம் அது. பெண் எழுத்து பற்றிய தாள்.

"கம்ப்யூட்டர் பேப்பர்ல இடம் முடிஞ்சிருச்சு மேம்." "தமிழ்னா பாஸ் போட்ருவாங்கன்னு சீனியர் அக்கா சொன்னாங்க." "நான் எடுக்கல மேம், டிபார்ட்மெண்ட்லயே பேர் குடுத்துட்டாங்க."

பெண் எழுத்தைப் படிக்கத்தான் வந்தேன் என்று இதுவரை ஒருத்தியும் சொன்னதில்லை. முதல் சில ஆண்டுகள் இது எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு, விருப்பம் என்ற சொல்லைத்தான் முதலில் வாசிக்க வேண்டும் என்று தோன்றியது.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் விருப்பத்தேர்வு முறை 2008-09இல் பரவலாக நடைமுறைக்கு வந்தது. வணிகவியல் படிப்பவள் இலக்கியமும் இயற்பியல் படிப்பவள் வரலாறும் படிக்கலாம் என்ற நல்ல எண்ணம் அதற்குள் இருந்தது. ஆனால் பட்டத்துக்குரிய 140 கிரெடிட்டில் பிற துறை விருப்பப்பாடத்துக்குத் தாளொன்றுக்கு 2 கிரெடிட்தான். என் கல்லூரியில் இந்த மதிப்பெண் வகுப்புத் தரத்துக்கும் கணக்கில் வராது. தேர்ச்சி பெற்றால் போதும். கால அட்டவணையில் மதியத்துக்குப் பிந்தைய, எல்லோரும் கொட்டாவி விடும் நேரம் இதற்கு ஒதுக்கப்படும். வேறு துறைக்கு வகுப்பறை வேண்டுமென்றால் முதலில் காலியாவது எங்கள் அறைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் வணிகவியல் மாணவி ஒருத்தி வந்திருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம். அவள் கேட்டது கணினித் தாள். ஆய்வக வகுப்பு முடிய ஐந்து மணிக்கு மேல் ஆகும். அவள் ஊருக்குப் போகும் டவுன் பஸ் நாலரைக்கு. அதை விட்டால் அடுத்த பஸ் இருட்டிய பிறகுதான். 2021இலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது அவளைக் கல்லூரிவரை கொண்டுவந்தது. எந்தப் பாடம் படிக்கலாம் என்பதை அந்தப் பேருந்தின் நேரம் முடிவு செய்தது. படிவத்தில் 'விருப்பம் 1' என்ற கட்டத்தில் எங்கள் தாளின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். விருப்பத்துக்கு அவள் தந்த ஆவணம் அது.

அந்தப் பருவம் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலைப் பாடமாக வைத்திருந்தேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை நேரில் கண்டு எழுதி, 1979இல் வெளிவந்த நாவல். தொழிலாளர் வாழ்வை எழுதிய நாவல் என்று இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் கடந்துபோகும். வகுப்பில் சில பக்கங்களை வாசித்து முடித்தபோது அவள் எழுந்தாள்.

"எங்கம்மா அளத்துக்குத்தான் போறாங்க மேம். கால்ல வெடிப்பு இருக்கும். அத நான் யார்ட்டயும் சொன்னதில்ல."

வகுப்பு அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கேட்டாள்: "இத ஏன் மேம் எங்க கிளாஸ் பசங்களுக்கு வைக்கல?"

பதில் என்னிடம் இல்லை. வகுப்பில் இருந்த நாற்பத்திரண்டு பேரும் பெண்கள். இருபாலர் கல்லூரிதான். பையன்களுக்கு நாலரை மணிப் பேருந்து ஒரு பொருட்டில்லை. அவர்கள் கணினிக்கும் உடற்கல்விக்கும் போய்விட்டார்கள்.

அவளுடைய கேள்வியிலிருந்துதான் எங்கள் பாடத்திட்டத்தை மறுபடி வாசித்தேன். தமிழ் இளங்கலையில் புனைகதைக்கென முதன்மைத் தாள் ஒன்று உண்டு. அதில் ஐந்து நாவல்கள். ஐந்தும் ஆண்கள் எழுதியவை. அந்தத் தாளுக்கு 'ஆண் எழுத்து' என்று பெயரில்லை. 'தமிழ் நாவல்' என்று பெயர். பாமாவின் 'கருக்கு', சிவகாமியின் 'பழையன கழிதலும்', சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' எல்லாம் விருப்பப்பாடத்தில் இருக்கின்றன. பெண் எழுத்து விருப்பம் என்றால், ஆண் எழுத்து கட்டாயம் என்று பொருள். பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது மூத்த பேராசிரியர் ஒருவர், "உங்களுக்குத்தான் தனித்தாளே கொடுத்திருக்கிறோமே அம்மா" என்றார். வீட்டில் பெண்ணுக்குத் தனித் தட்டு கொடுத்திருக்கிறோம் என்பது போல. பந்தியில் அவளுக்கு இலை போடவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

ஓரத்தில் இருப்பதற்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில ஆனர்ஸ் பாடத்திட்டத்திலிருந்து மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையும், பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்துகளும் நீக்கப்பட்டன. கல்விக்குழு உறுப்பினர்கள் சிலர் மறுப்பைப் பதிவு செய்தார்கள். எழுத்தாளர்கள் கண்டித்தார்கள். நாடு முழுவதும் செய்தியானது. எங்கள் தாளை நீக்க அத்தனை ஏற்பாடு தேவையில்லை. 'இப்பருவத்தில் இத்தாள் நடத்தப்படவில்லை' என்று துறையில் ஒரு வரி எழுதினால் போதும். எந்த நூலும் நீக்கப்பட்டதாக ஆகாது. அது விருப்பப்பாடம்தானே.

கட்டாயமாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. கட்டாயத் தாளில் 'கரிப்பு மணிகள்' இரண்டு மதிப்பெண் வினாவாகி, வழிகாட்டி நூலில் ஆசிரியர் குறிப்பாகச் சுருங்கும் என்பது எனக்குத் தெரியும். மதிப்பெண் பயமில்லாத மதிய வகுப்பு என்பதால்தான் அந்தப் பெண் எழுந்து பேசினாள் என்றும் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சுதந்திரத்தைக் காரணம் காட்டி இந்த எழுத்துகளைப் பெண்களின் மதிய வகுப்பிலேயே வைத்திருக்க முடியாது. அம்மாவின் கால் வெடிப்பு மகளுக்குத் தெரியும். தெரியாதவர்கள் இந்த வகுப்புக்கு வெளியே இருக்கிறார்கள். அதனால் நான் கேட்பது இன்னொரு தனித்தாளை அல்ல, 'தமிழ் நாவல்' என்ற தாளுக்குள் இடம்.

அந்த மாணவி மூன்றாம் ஆண்டு முடிவில் துறைக்கு வந்தாள். பி.காம். படித்தவள் எம்.ஏ. தமிழ் சேர முடியுமா என்று கேட்டாள். முதல் பகுதியில் தமிழ் படித்திருந்ததால் எங்கள் கல்லூரியில் முடியும் என்றேன். விண்ணப்பத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். "வீட்ல கேக்கணும் மேம்" என்றாள்.

அவளாகத் தேர்ந்த முதல் பாடம் அதுதான். விண்ணப்பம் திரும்பி வரவில்லை.

இந்த ஆண்டும் முதல் வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டேன். பதில்கள் மாறவில்லை. ஒன்றை மட்டும் கூடுதலாகக் கேட்டேன்: "உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" எழுதிவைத்திருக்கிறேன். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் ஐந்து நாவல்களின் பட்டியலோடு அதையும் வைக்கப்போகிறேன்.